பேச்சியம்மா தொட்ட கத்தரிப் பூக்கள்

நாகலெட்சுமி இருபத்தாறு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவள். கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். கோபம் வந்துவிட்டால் முன்னே பின்னே பார்க்க மாட்டாள். கினிகத்தேனைக்கு மேலே இருந்த தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்பக்கம் கிடந்த துண்டு நிலத்தைக் கொத்திக் கத்தரி போட்டிருந்தாள்.

அந்த வருடம் செடிகள் இடுப்பளவு வளர்ந்து ஊதாப் பூவாய்ப் பூத்தன. ஆனால் பத்துப் பூவில் ஏழு உதிர்ந்துவிட்டது. சாம்பல் தூவினாள், பூச்சி இருக்கிறதா என்று இலை இலையாகப் பார்த்தாள். விதைக்கென்று முற்ற விட்டிருந்த காய்கள் மட்டும் கொழுத்துத் தொங்கின.

ஒருநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், அடுத்த வீட்டுப் பேச்சியம்மா பாத்திக்குள் நின்று பூக்களை விரலால் சுண்டிக்கொண்டிருப்பதைக் கண்டாள். காலடியில் இரண்டு பூ கிடந்தது. பேச்சியம்மாவுக்குப் புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. குழாயடியில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி நாகலெட்சுமி சொன்னாள்:

“புள்ள பெறாத கை பட்டா பூ எப்படிக்கா நிக்கும்?”

பேச்சியம்மா பாத்தியை விட்டு வந்து, குழாயடியில் வைத்திருந்த வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு மாதத்தில் நானுஓயாவில் இருந்த தம்பி வீட்டுக்கே குடிபோனாள். ஏன் போனாள் என்று லயத்தில் யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான்கு வருடம் கழித்து, பிரேமினி என்ற விவசாயப் போதனாசிரியை தோட்டத்துக்கு வந்தாள். இன்னமும் பூ கொட்டுகிறது என்று நாகலெட்சுமி முறையிட்டாள். பிரேமினி மூன்று பூக்களைப் பறித்து, இதழைப் பிய்த்துக் காட்டினாள். ஒன்றில் நடுத்தண்டு மஞ்சள் மகரந்தப் பைகளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதுதான் பெரிய காயாகும், விதையும் நிறைய இருக்கும் என்றாள். இன்னொன்றில் இரண்டும் ஒரே உயரம். அதில் சிலதுதான் காய்க்கும், காயும் சிறுக்கும், விதையும் குறையும். மூன்றாவதில் தண்டு உள்ளேயே குட்டையாக ஒளிந்திருந்தது.

“இது காய்க்காதும்மா. யாரு கையும் படாம தானா உதிர்ந்துரும். ஒரே செடியில மூணு மாதிரியும் பூக்கும்.”

முற்றிய காய்களைச் செடியிலேயே விட்டுவைத்தால் குட்டைப் பூ இன்னும் கூடும் என்றும் சொன்னாள். பேசிக்கொண்டே பக்கத்துச் செடியின் பூக்களை விரலால் சுண்டினாள்.

நாகலெட்சுமி அந்த விரலையே பார்த்தாள். “அது எதுக்குங்க?” என்றாள்.

“மகரந்தம் உதிரும்மா. காய் கூடப் பிடிக்கும்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாகலெட்சுமி ஹட்டனுக்கு பஸ் ஏறி, அங்கிருந்து ரயிலில் நானுஓயா போனாள். பேச்சியம்மாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. முகம் சுளிக்காமல் உட்காரச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தாள். நாகலெட்சுமி தலையை நிமிர்த்தாமலே பூவைப் பற்றிப் பிரேமினி சொன்னதையெல்லாம் சொன்னாள். தன் வாய்தான் பாவம் செய்தது என்றாள். பேச்சியம்மா, காய் பிடிக்கட்டும் என்றுதான் சுண்டினேன் என்றாள். பிறகு சொன்னாள்:

“நீ சொன்னத நானும் நம்பிட்டேன் நாகு. தம்பி புள்ளைய இன்னும் நான் தூக்குனதே இல்ல.”

கதவோரம் தம்பியின் மூன்று வயதுப் பெண்குழந்தை நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நாகலெட்சுமி வாங்கிவந்த பிஸ்கட் பொட்டலம் பேச்சியம்மாவின் மடியில் இருந்தது. குழந்தை கையை நீட்டியது. பேச்சியம்மா தம்பி மனைவியைக் கூப்பிட்டு, பொட்டலத்தை அவளிடம் கொடுத்து, பிள்ளைக்குக் கொடுக்கச் சொன்னாள்.