அருமனையிலிருந்து மண்டைக்காட்டுக்கு, ஞானதாஸ் அண்ணன் பெயரில்

ஜெபின், ஷைனி, சைக்கிள் பயணத்தில் கீரிப்பாறை எஸ்டேட்டுக்குள் என்ன நடந்தது என்று நீங்கள் ரெண்டு பேரும் கேட்டபடியே இருக்கிறீர்கள். ஆன்றோ மாமா மீன் கொண்டுவந்த அன்று பாதியைச் சொல்லிவிட்டு, "மிச்சத்த அப்பன்கிட்ட கேளுங்க மக்கா" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு வாயால் சொன்னால் கோர்வையாக வராது. பத்தாம் வகுப்போடு ஹார்ட்வேர் கடைக்கு வேலைக்குப் போனவன் நான். இருந்தாலும் போன வழியிலேயே போய் எழுதிப் பார்க்கிறேன். பகலில் வாசியுங்கள்.

இந்தப் பயணம் வருடா வருடம் நடப்பது. படுக்கையில் கிடக்கிற நோயாளிகளின் வீட்டுக்கே ஒரு நர்ஸ் வண்டியில் போய் மருந்து கொடுக்கிறாள் அல்லவா, அந்த வண்டி ஓடுவதற்காக. நாங்கள் மிதிக்கிற தூரத்துக்கு ஊர்க்காரர்கள் நன்கொடை தருவார்கள். அருமனையில் கிளம்பி, குலசேகரம், சுருளகோடு, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறைக்கு ஏறி, திரும்ப இறங்கி, நாகர்கோவில் தாண்டி மண்டைக்காட்டுக் கடற்கரையில் முடியும். எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடும்.

இதில் ஒரு வழக்கம் உண்டு. மிதிக்கிற ஒவ்வொருவரும் ஒரு நோயாளியின் பெயரை வெள்ளைத் துணியில் பெரிதாக எழுதி முதுகில் குத்திக்கொள்வோம். முடிந்தால் அந்த நோயாளியே ஊக்கு குத்திவிடுவார். எனக்கு வந்தது நம் தெரு ஞானதாஸ் அண்ணன். உங்களுக்கு அவரைக் கட்டிலில் கிடக்கிறவராகத்தான் தெரியும். அதற்கு முன் அவர் கீரிப்பாறை எஸ்டேட்டில் ரப்பர் பால் வெட்டுகிறவராக இருந்தவர். வயிற்றில் புற்று வந்து, கடைசியில் கஞ்சித் தண்ணீர்கூட இறங்காமல் போனது.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் துணியோடு அவர் வீட்டுக்குப் போனேன். இன்றோ நாளையோ என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். மகள் ஷீபா மஸ்கட்டிலிருந்து வர டிக்கெட் எடுத்துவிட்டாள். மறுநாள் மத்தியானத்துக்கு மேல்தான் திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கும். அதுவரைக்கும் அவர் இருக்க வேண்டும். அந்த வீட்டில் எல்லாருக்கும் அந்த ஒரே நினைப்புதான்.

நான் கட்டிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அவர் குத்திய ஊக்கு என் தோலிலும் ஏறியது.

"குத்திட்டா?"

"இல்லண்ணே."

"பொய் சொல்லாத. நாளைக்கு நீ எப்பம் கடலப் பாப்ப?"

"நாலு மணி ஆவும்."

"நீ கடலப் பாக்குத வரைக்கும் நான் கெடப்பேன். அதுக்குள்ள பிள்ளயும் வந்திரும்" என்றார். அவர் மனைவி ரோஸி அக்கா அடுக்களை வாசலில் நின்று அழுதாள். அவர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "சவத்து சைக்கிளுக்கு எண்ண போட்டியாடே?" என்று கேட்டார்.

காலை ஐந்தரை மணி. ராத்திரி முழுக்கப் பெய்த மழை அப்போதுதான் நின்றிருந்தது. போதகர் ஜெபித்துக் கொடியசைத்தார். ஆன்றோ மாமா கடியபட்டணத்திலிருந்து முந்தின நாளே வந்து நம் வீட்டில் தங்கியிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அவர் முதுகில் மாற்கால் ஊரைச் சேர்ந்த ஒரு அம்மாவின் பெயர். "பொம்பிள பேருல போறேன், இனி ஏத்தத்துல ஆராவது தள்ளித் தருவினும்" என்று தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டார்.

குலசேகரம் சந்தையில் வாழைக்குலை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எங்கள் முதுகைப் பார்த்துக் கைதட்டினார்கள். "ஞானதாஸே, விட்டுப் பிடி!" என்று ஒருவர் கத்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது. கையைத் தூக்கிக் காட்டினேன். பொன்மனையிலும் சுருளகோட்டிலும் அப்படியே. பின்னாலிருந்து கூப்பிடுகிறவர்கள் எல்லாரும் அந்தப் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். மூன்றாவது ஊர் வந்தபோது யோசிக்காமலேயே திரும்பினேன். அது என் பெயர்போலவே ஆகிவிட்டிருந்தது.

தடிக்காரன்கோணத்தில் ஒன்பது மணி. ஆளுக்கு ரெண்டு இட்லி, முப்பது ரூபாய். அங்கிருந்து கீரிப்பாறை ஐந்து கிலோமீட்டர் இருக்கலாம், எல்லாம் ஏற்றம். இளவட்டங்கள் முன்னால் போய்விட்டார்கள். வயசானவர்கள் பின்தங்கினார்கள். நடுவில் நானும் ஆன்றோவும் மட்டும்.

எஸ்டேட்டுக்குள் நுழைந்ததும் வெளிச்சம் குறைந்தது. பகல்தான், ஆனால் ரப்பர் மரங்கள் மேலே கை கோத்துக்கொண்டு நிற்கும், மழைமூட்டம் வேறு. எந்தப் பக்கம் பார்த்தாலும் வரிசை. நாம் நகர நகர வரிசைகளும் திரும்பி நம்மைப் பார்க்கிறமாதிரி இருக்கும். மரத்துக்கு மரம் பால் வடிகிற சிரட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பட்டையில் வெட்டிய தடங்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதுவரை காது அடைக்கக் கத்திக்கொண்டிருந்த சில்வண்டுகள் ஒரு வளைவில் ஒருசேர நின்றுபோயின. ஆன்றோவின் சைக்கிள் செயின் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது ஒரு குரல் விளித்தது.

"ஞானதாஸே..."

பின்னால், இடது பக்கம், மரங்களுக்குள்ளே இருந்து. பயமுறுத்துகிற குரல் இல்லை பிள்ளைகளே. வேலைக்குப் போகும் நேரத்தில் கூட்டாளியை அழைப்பார்களே, அப்படி ஒரு சாதாரணக் குரல். கொஞ்சம் இருமலோடு. முதுகில் எழுதியதை வாசித்து விளிப்பதென்றால் ரோட்டில் நிற்க வேண்டும். மரங்களுக்குள் நிற்கிறவனுக்கு என் முதுகு தெரியாது.

ஒற்றை விளிக்கு விளி கேட்கக் கூடாது, செத்தவர்கள்தான் ஒரே தடவை கூப்பிடுவார்கள், பதில் சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நம் பக்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். நாம் சர்ச்சுக்குப் போகிறவர்கள், அதையெல்லாம் நம்பக் கூடாது. ஆனாலும் அருமனையில் எத்தனை பேர் முதல் விளிக்குப் பதில் சொல்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஆன்றோ திறந்துவிட்டார். அவருக்குக் காலையிலிருந்து எல்லாமே கேலிதானே.

"ஓ, தா வாறாரு!" என்று என்னைக் கைகாட்டிக் கத்தினார்.

மரங்களுக்குள் எந்தச் சத்தமும் இல்லை, ஆளும் இல்லை. ஆன்றோ சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். பார்த்த முகத்தில் சிரிப்பு அப்படியே தங்கிவிட்டது. அதை எடுக்க அவருக்குத் தெரியவில்லை.

"விளிச்சது ஆருடே?" என்றார் மெதுவாக.

"வெட்டுக்காரரா இருக்கும். மிதி."

மிதித்தோம். சில்வண்டுகள் மறுபடி கத்தத் தொடங்குகிறவரை நிற்கவே இல்லை.

கீரிப்பாறை முக்கில் ஒரு சாயாக்கடை. எஸ்டேட் பஸ் ஒன்று காலியாக நின்றது. சாயா பன்னிரண்டு ரூபாய். கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார்.

"உள்ள ஆளுங்க வேல செய்யினுமா?" என்று கேட்டேன்.

"இண்ணைக்கு என்ன வேல? மழை பெஞ்சா வெட்டு உண்டா? மரம் நனஞ்சாச்சில்லா. ஒருத்தன் உள்ள போவல்ல, எல்லாம் வீட்டுல கெடந்து உறங்குகினும்."

ஆன்றோ என்னைப் பார்த்தார். நான் கிளாசைப் பார்த்தேன். பெஞ்சில் உட்காரத் திரும்பியபோது கடைக்காரர் என் முதுகை வாசித்திருக்கிறார்.

"ஞானதாஸா? நமக்க ஞானதாஸா? இருக்காரா அவரு?"

"இருக்காரு. சுகமில்ல."

"அவருக்க கூட வெட்டின மூணு பேரும் போயாச்சு. கடைசில போனது போன வருசம். ஒரே இருமலு அவனுக்கு."

ஆன்றோ கிளாசைப் பெஞ்சில் வைத்தார். "வளைவுல ஒரு சத்தம் கேட்டுது" என்றார்.

"என்ன சத்தம்?"

"இவருக்க முதுகுப் பேரு."

கடைக்காரர் ஆச்சரியப்படவில்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அடுப்பைக் கொஞ்சம் தணித்துவிட்டுச் சொன்னார்: "உங்க ஊருல ஒத்த விளிக்கு விளி கேக்க மாட்டிய. இஞ்ச அப்படி இல்ல. விடியதுக்கு முன்ன நெத்தியில லைட்டக் கெட்டிட்டு நாலு பேரு நாலு வரிசையில போவினும். ஆனை நிக்கும், பாம்பு கெடக்கும். ஒருத்தன் ஒருக்கா விளிப்பான். மத்தவன் 'ஓ' சொல்லணும். சொன்னா ஆளு சுகமாட்டு இருக்காண்ணு அர்த்தம். சொல்லல்லேண்ணா தேடிப் போவினும்." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க என்ன சொன்னிய?" என்று கேட்டார்.

நான்தான் சொன்னேன்: "ஓ, வாறாருண்ணு."

"ஓ மட்டும் போதும்" என்றார் கடைக்காரர். "வாறேண்ணு சொல்லக் கூடாது." பிறகு, "சாயா ஆறுகு. குடியுங்க" என்றார்.

அங்கே என் போனுக்கு சிக்னல் இல்லை. இறக்கத்தில் பிரேக்கை விட்டுவிட்டு வந்தேன். அந்த வளைவு திரும்பவும் வந்தது. ரெண்டு பேரும் ரோட்டை மட்டுமே பார்த்துக் கடந்தோம். அழகியபாண்டியபுரத்தில் சிக்னல் கிடைத்ததும் ரோஸி அக்காவைக் கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்ந்தது. நாகர்கோவில் வடசேரியில் மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. உங்கள் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம், அண்ணன் வீடு நம் வீட்டிலிருந்து நான்காவதுதானே. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆன்றோ ஒரு கேலியும் பேசாமல் வந்தார். ராஜாக்கமங்கலம் பக்கம் மழை பிடித்தது. ஒரு மூடிய கடையின் தகரத்துக்குக் கீழே ஒதுங்கினோம்.

"நான் சும்மாத்தான் சொன்னேன் மக்கா" என்றார்.

"தெரியும்."

"அந்தப் பிள்ள வந்து அவரப் பாக்காம போச்சுண்ணு வை, பொறவு உங்க தெருவுல நான் மீன் விக்க மாட்டேன்."

"வா, மிதிப்போம். கடலப் பாக்குத வரைக்கும் கெடப்பேண்ணு சொல்லியிருக்காரு."

அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. கடலைப் பார்த்துவிட்டால் அவர் போய்விடுவாரா? ராஜாக்கமங்கலத்திலிருந்தே கடல் பக்கம். தென்னைகளுக்கு நடுவில் அது அடிக்கடி தெரியும். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையை வலது பக்கம் திருப்பிக்கொண்டே மிதித்தேன். மணவாளக்குறிச்சியில் கரை மணல் கறுப்பாக இருக்கும் என்று ஷைனிக்குச் சொல்லியிருந்தேன், கொஞ்சம் அள்ளிவரச் சொன்னாய். கொண்டுவராததற்குக் காரணம் இதுதான் மகளே. அப்பா இடது பக்கம் பார்க்கவே இல்லை.

மண்டைக்காட்டுக்கு வந்தபோது நாலேகால். அம்மன் கோவிலைத் தாண்டிக் கடலுக்குப் போகிற ரோட்டில் எல்லாரும் வரிசையாகப் போனார்கள். நான் கோவில் பக்கத்திலேயே சைக்கிளை நிறுத்திவிட்டேன். முன்னே போனவர்கள் கூப்பிட்டும் போகவில்லை. ஆன்றோவும் என்னோடு நின்றார்.

நாலரைக்கு போன் அடித்தது. ரோஸி அக்கா.

"பிள்ள வந்தாச்சு" என்றாள். "பக்கத்துல இருக்கா. அவரு கண்ணத் தொறந்து பாத்தாரு."

ஆன்றோ என் முகத்தைப் பார்த்துவிட்டு ரோட்டோரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டார்.

"காலத்த போன் எடுக்கல்லியே அக்கா?"

"எங்க எடுக்க? ஒம்பதரை இருக்கும், நர்ஸ் வந்திருந்தா. ஒரு அனக்கமும் இல்லாம கெடந்த மனுசன் திடீர்ணு கண்ணத் தொறந்து, சத்தமாட்டு, 'ஓ'ண்ணாரு. பொறவு, 'இப்பம் வரல்லடே, பிள்ள வரட்டு'ண்ணாரு. ஆருகிட்ட பேசுகியண்ணு கேட்டா ஒண்ணும் சொல்லல்ல. நாங்க பயந்து போயி போன எங்க வச்சோம்ணே தெரியல்ல."

அவள் சொன்னதை ஆன்றோவிடம் அப்படியே சொன்னேன். பிறகு ரெண்டு பேரும் போய்க் கடலைப் பார்த்தோம். அலை பெரிதாக இருந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. சைக்கிள்களை லாரியில் ஏற்றி, இருட்டுகிறதற்குள் ஊர் திரும்பினோம்.

இவ்வளவுதான் ஆன்றோவுக்குத் தெரியும். மிச்சத்தை அவருக்கும் நான் சொல்லவில்லை.

ஷீபா வந்த பிறகு ஞானதாஸ் அண்ணன் போகவில்லை. ஒரு வாரம் கடந்தது. மருந்துக்கும் வலி அடங்கவில்லை. நீங்கள் பள்ளிக்கூடம் போகிற வழியில் கேட்டிருப்பீர்கள், அந்தச் சத்தத்தை நான் எழுத வேண்டாம். விடியற்காலையில் மட்டும் கொஞ்சம் அமைதியாவார். ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து, யாரோ விளிக்கப்போவதைக் கேட்கிறமாதிரிக் கிடப்பார். வாய் 'ஓ' என்று குவியும். காற்றுதான் வரும்.

"அண்ணா, அப்பா ஆரையோ காத்துக் கெடக்குத மாரி இருக்கு" என்றாள் ஷீபா. "நான் வந்தாச்சே. இனி ஆரு வரணும்?"

நான் எழுந்து வந்தேன்.

அவருடைய அடக்கத்துக்கு நீங்கள் ரெண்டு பேரும் வந்திருந்தீர்கள். அதற்கு முந்தின நாள் மழை, காலையில் அவர் உயிரோடுதான் கிடந்தார். கடைக்கு லீவு சொல்லிவிட்டு, அம்மாவிடம்கூடச் சொல்லாமல், தனியாக சைக்கிளில் கீரிப்பாறைக்கு ஏறினேன். வெட்டு இல்லாத நாள். சிரட்டைகள் கவிழ்ந்து கிடந்தன. அந்த வளைவில் இறங்கி, ரோட்டை விட்டு மரங்களுக்குள் கொஞ்சதூரம் நடந்தேன். யாரும் விளிக்கவில்லை. அங்கே நின்று, ஒரே ஒரு தடவை, "ஓ" என்று சத்தமாகச் சொன்னேன். பிறகு, "மகள் வந்து பாத்தாச்சு. இனி நீங்க அவர விளிக்கலாம்" என்றேன். சொல்லிவிட்டு ரோட்டுக்கு வந்து, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு இறங்கினேன்.