மருமகள் மருந்து வைத்தாள் என்று நினைத்தேன்

எனக்கு அஞ்சாம் கிளாஸ் படிப்புதான். எழுத்து கோணலாயிருக்கும், பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கும் என் மகனுக்கு மூன்று மாதமாக ரத்தபேதி. புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ள மருமகள் சோற்றில் மருந்து வைத்துவிட்டாள், அது குடலில் ஒட்டிக்கொண்டது என்றே எனக்குச் சந்தேகம். அவள் குழம்பு கொதிக்கும்போதெல்லாம் பக்கத்திலேயே நிற்பேன். ஒருநாள் அவளுக்குத் தெரியாமல், மருந்து வெளியே வரட்டும் என்று அவனுக்கு விளக்கெண்ணெய் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் ரத்தம் போய் மயங்கிவிட்டான். அவள்தான் ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள்.

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னேன்.

"யாரும் ஒண்ணும் வைக்கலம்மா. உடம்பைக் காக்கிற அணுக்கள் ஏதோ ரசாயனத்தால ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்புதாம். இப்பத்தான் கண்டுபிடிச்சிட்டு வர்றாங்க. எதிரியே இல்லாம எதிரின்னு சேதி போனா, சொந்தக் குடலையே புண்ணாக்கிடும்" என்றார்.

மருமகள் என்னைப் பார்த்து, "அப்ப அவரு குடலும் உன்ன மாதிரிதான் கீது அத்தே" என்றாள்.

மகன் மாத்திரையில் பிழைத்தான். இப்போது வயிற்று நோவு என்றால் எண்ணெய் பாட்டிலைத் தொடாமல் நேரே டாக்டரிடம் போகிறோம். சில நாள் குழம்பை மோந்து பார்க்கத் தோன்றும், அடக்கிக்கொள்வேன்.

அந்தச் சேதி விஷயத்தை நான் சரியாகத்தான் எழுதினேனா என்று படித்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.