ஆசியா உம்மாவின் முற்பணம்

எழுபத்தெட்டாம் ஆண்டு கார்த்திகையில் அடித்த சூறாவளி, சாய்ந்தமருதில் ஆசியா உம்மாவின் வீட்டைத் தரைமட்டமாக்கிவிட்டுப் போனது. அந்தப் பக்கத்தில் வீடு என்றால் அது பெண்ணுக்கு உரியது. உம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். ஆசியா உம்மாவின் கணவர் முகைதீன்பாவாவும் அப்படி வந்தவர்தான். சொந்த வீட்டு வளவை விட்டு இன்னொருவர் கூரைக்குக் கீழே போவதென்பது அவளுக்கு நாலு பேர் முன்னால் தலை நிமிர முடியாத காரியமாக இருந்தது.

அந்த வெட்கத்தில்தான் அவள் பிழைவிட்டாள். கல்முனையில் சீனிமுகம்மதின் வீடு ஒன்று பூட்டிக் கிடப்பதாக யாரோ சொன்னார்கள். தோணி வைத்திருந்த மனிதர். பள்ளிவாசல் காரியங்களில் முன்வரிசையில் நிற்பவர். மாத வாடகை பேசி, கழுத்துச் சங்கிலியை விற்று, இரண்டாயிரம் ரூபாயை முற்பணமாக அவர் கையில் கொடுத்தாள். வீட்டை விட்டுப் போகும் நாளில் திருப்பித் தருவதாக அவர் ஒரு கொப்பித் தாளில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வைத்தார். வேறு எதையும் அவள் விசாரிக்கவில்லை. சீக்கிரம் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் போதுமென்று இருந்தது.

சூறாவளியன்று மரம் விழுந்து முகைதீன்பாவாவின் இடுப்பு போயிருந்தது. கடலுக்குப் போக ஏலாது. அதனால் ஆசியா உம்மா கல்யாண வீடுகளுக்கு மெத்தையும் தலையணையும் தைக்கத் தொடங்கினாள். முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு இலவம் பஞ்சில் விதை பொறுக்குவாள். பழைய பஞ்சைக் கலந்து நிறை காட்டுகிறவர்கள் இருந்தார்கள், அவள் கலக்கவில்லை. தைத்து முடித்ததும் தானே ஒருதரம் படுத்துப் புரண்டு பார்ப்பாள். எங்காவது முடிச்சுத் தட்டினால் முழுத் தையலையும் பிரித்துவிடுவாள். “படுக்கப்போறது புதுப் பொண்ணு மாப்புள. அவங்களுக்கு முடிச்சுத் தெரியவா போகுது?” என்று முகைதீன்பாவா கேலி செய்வார்.

நாலு வருஷத்தில், மெத்தைக் காசில், சாய்ந்தமருது வளவில் நாலு சுவர் எழும்பிவிட்டது. ஓடு மட்டும்தான் பாக்கி. மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசியிருந்தார்கள். வீட்டுக்கு ஓடு ஏறட்டும், பிறகு நாள் வைப்போம் என்று மாப்பிள்ளை பகுதியார் காத்திருந்தார்கள். மாரி தொடங்கினால் அந்தச் சுவர்கள் நனைந்து போகும். ஓட்டுக்கு அவள் நம்பியிருந்தது அந்த முற்பணத்தை.

எண்பத்திரண்டு ஆவணியில் சீனிமுகம்மது வந்து, மகள் நதீராவுக்குக் கலியாணம், அந்த வீட்டைத்தான் கொடுக்கப்போகிறோம், ஒரு மாதத்தில் வீட்டை விட்டு எழும்ப வேண்டும் என்றார். பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கிற விஷயத்தில் குறுக்கே நிற்கமாட்டேன் என்று ஆசியா உம்மா உடனே சொன்னாள். முற்பணத்தைப் பற்றிக் கேட்டபோது, பார்ப்போம் என்றார். அடுத்த தடவை கேட்டபோது, இனி அது மருமகனின் வீடு, அவரோடு கதையுங்கள் என்றார். மாப்பிள்ளைக்கு இன்னும் நிக்காஹ்கூட ஆகவில்லை. மூன்றாம் தடவை அவர் தோணியில் போய்விட்டதாகச் சொன்னார்கள். தோணியோ கரையில்தான் கிடந்தது.

அந்தக் கலியாணத்துக்கு இரண்டு மெத்தையும் ஆறு தலையணையும் அவளிடமே தைக்கக் கொடுத்திருந்தார்கள். அக்கம்பக்கத்துக்கு இதுவே வழியாகப் பட்டது. காசு வரும்வரை வீட்டை விடாதே, மெத்தையைக் கொடாதே என்றார்கள். முகைதீன்பாவாவும் விடவில்லை.

“ரெண்டாயிரத்துக்கு ரெண்டு மெத்தை. விரிச்சி நாம படுப்பம்.”

அவள் சிரித்தாள். ஆனால் அன்று முழுக்க யோசித்துக்கொண்டே விதை பொறுக்கினாள். ஒரு பிள்ளையின் கலியாணத்தை மறித்துத் தன் பிள்ளையின் கலியாணத்துக்கு ஓடு வாங்குவதா? தான் நல்லவளாக இருப்பதால் பேசாமலிருக்கிறாளா, அல்லது பெரிய மனிதரைக் கண்ட பயமா? அவளுக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

மறுநாள், காசு கேட்டுச் சீனிமுகம்மதுக்கு ஒரு கடிதம் எழுதுவிக்க, கொப்பித் தாளை எடுத்துக்கொண்டு காணி உறுதிப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசு கந்தோருக்குப் போனாள். அங்கே கிளாக்கராக இருந்த அழகரெத்தினம் தாளை இரண்டு தரம் வாசித்தார். வழக்கென்று போனால் வருஷக்கணக்கில் இழுபடும் என்றார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“தங்கச்சி, இந்த வீட்டு உறுதி ஆற்ற பேரில இருக்கு?”

பதில் சொல்ல வாய் திறந்தபோதுதான் ஆசியா உம்மாவுக்கு உறைத்தது. இந்த ஊரில் ஆணின் பேரில் வீடு எங்கே இருக்கும்? அது சீனிமுகம்மதின் மனைவி உம்மு சீதனமாகக் கொண்டுவந்த வீடு. உம்முவின் தாயுடைய வளவில் இப்போது பெரிய வீடு கட்டிக்கொண்டதால் இதைப் பூட்டி வைத்திருந்தார்கள். தன் வீட்டுக்கு மாப்பிள்ளை கொண்டுவந்தவள், இன்னொருத்தியின் வீட்டுக்கான காசை அவள் புருஷன் கையில் கொடுத்திருக்கிறாள். கந்தோர் வாசலிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழகரெத்தினம் எழுதாத கடிதத்துக்குக் காசு வாங்கவில்லை.

தவணைக்கு இரண்டு நாள் முந்தியே வீட்டைக் கழுவி ஒழித்து, சாமான்களைச் சாய்ந்தமருது வளவில் தென்னங்கிடுகு வேய்ந்த சாய்ப்பின் கீழ் இறக்கினாள். பிறகு மெத்தைகளை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு உம்முவிடம் போனாள். வழியெல்லாம் அதே யோசனை. கலியாண வீட்டில் போய் இந்தப் பேச்சை எடுப்பது முறையா? எடுக்காவிட்டால் யாரிடம் எடுப்பது? மெத்தைகளை உள்ளே வைத்து, வீட்டுப் பூட்டின் திறப்பைக் கொடுத்து, தையற்கூலியை வாங்கிக்கொண்ட பிறகுதான் வாய் திறந்தாள்.

“ராத்தா, நாலு வருசம் உங்கட வீட்டுல இருந்த. முற்பணத்த உங்கட கையில தந்திருக்கோணும். சீனிமுகம்மது காக்காட கையில குடுத்தது எண்ட பிழை.”

உம்முவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாடகைதான் அவளுக்குத் தெரியும், முற்பணம் தெரியாது. எழுத்து வாசிக்கத் தெரியாதவள், தாளை வாங்கி மகளிடம் நீட்டினாள். மருதோன்றிக் கையோடு நதீரா வாப்பாவின் கையெழுத்தை வாசித்தாள். இரண்டாவது வரியில் அவள் குரல் இறங்கிப்போயிற்று.

உம்மு தாளை வாங்கி மடித்து மெத்தைமேல் வைத்தாள்.

“இது அமானிதம், ஆசியா, நம்பித் தந்த காசு. இதத் திருப்பிக் குடுக்கிற வரைக்கும் எண்ட புள்ள அந்த வீட்டுல விளக்கு வெக்கமாட்டா.”

சவளக்கடையில் உம்முவின் பேரில் வயல் இருந்தது. சிறுபோக அறுவடை முடிந்து, அந்தக் கிழமை குத்தகை நெல் வர இருந்தது. அதை விற்றுத் தருவதாகச் சொன்னாள். கலியாண வீட்டில் சத்தம் வேண்டாம் என்று ஆசியா உம்மா கெஞ்சினாள்.

“சத்தம் எதுக்குப் புள்ள? அவர் எண்ட வீட்டுலதானே சோறு தின்னுற.”

எட்டாம் நாள் சீனிமுகம்மதே சைக்கிளில் சாய்ந்தமருதுக்கு வந்தார். கூரையில்லாத வாசலில் நின்று காசு உறையை நீட்டினார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

“நம்மட கதைய வீட்டுக்குள்ள கொண்டுபோயிட்டீங்க.”

“வீட்டுக்காரியோட கதைச்சன், காக்கா,” என்றாள் ஆசியா உம்மா. குரலில் மரியாதை குறையவில்லை.

கல்முனை வீட்டில் குசினித் தரை, அடுப்படிப் பக்கம், ஓரிடத்தில் வெடித்திருப்பதால் நாற்பது ரூபா கழித்திருப்பதாக அவர் சொன்னார். முகைதீன்பாவா சாய்ப்புக்குள்ளிருந்து எழும்பப் பார்த்தார். ஆசியா உம்மா கையமர்த்தினாள்.

“ஓம், அது நான் உரல் போட்ட இடம். சரிதான்.”

சண்டைக்குத் தயாராக வந்த மனிதர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். பூச்சில்லாத சுவர்களை அண்ணாந்து பார்த்தார். பிறகு, அவள் கொடுத்த தேத்தண்ணீரை நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லுமுன் அவள் ஓட்டுக் கடையில் நின்றாள். இன்றைக்கு ஆள் இல்லை, நாளைக்கு வந்து ஏற்றலாம் என்றார் கடைக்காரர். ஆசியா உம்மா கிழக்கே கறுத்து வந்த வானத்தைப் பார்த்தாள். வண்டி வெளியே நிற்கிறது என்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் அடுக்கை அவளே தூக்கினாள்.