தலைவர் மோட்டாரும் எட்டுக் கம்ப்யூட்டரும்

எட்டும் எட்டு நிறம். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்டவை. பிடிக்காவிட்டால் திருப்பித் தருகிறேன் என்று கும்பகோணத்துக் கடைக்காரரிடம் கெஞ்சி, டெம்போவில் ஏற்றி வந்தேன். இன்று நான் வேலை பார்க்கும் பள்ளியில் எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒரே அச்சு. நினைவில் நிற்பது என்னவோ அந்தப் பழசுகள்தான்.

குடவாசல் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தேன். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் ஊரின் பெரிய மிராசு. வெளிநாட்டில் இருந்த அவர் மகன், பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் பணம் அனுப்பியிருந்தார். புத்தம் புதிதாக இரண்டு வாங்கி, இன்வெர்ட்டர் இருக்கும் தன் வீட்டுக் கூடத்தில் வைப்பதாகத் தலைவர் திட்டம். பிள்ளைகள் அங்கே வந்து படிக்கட்டுமாம். அவர் வயலில் நடந்த கூலிப் போராட்டத்துக்குப் பிறகு காலனிக்காரர்கள் அந்தத் தெருப்பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. என் வகுப்பில் பாதிப் பேர் காலனிப் பிள்ளைகள். அங்கே போனால் அவர்கள் விரல் கீபோர்டில் படவே படாது.

அதனால்தான் அதே பணத்தில் பழசாக எட்டு, பள்ளியிலேயே வைக்க. அவற்றில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டால் போதும். காசு கிடையாது, பழைய மெஷினிலும் முக்காமல் முனகாமல் ஓடும், திரையில் தமிழும் வரும்.

"ஓசியில வர்றது எத்தன நாளைக்கி ஒழைக்கும் டீச்சர்?" என்றார் தலைவர். அப்போது அவர் கூடத்தில் அரசாங்கம் கொடுத்த இலவச டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டிக் காட்டுகிறேன், அப்புறம் முடிவு செய்யுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

மறுநாள் தலைவர் பள்ளிக்கு வந்தார். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்த, காலனி மாணவி ஒருத்தியின் அம்மாவும் வந்து வாசலோரம் நின்றார். எட்டையும் போட்டேன். திரைகள் மினுக்கின, அணைந்தன, முதலிலிருந்து ஆரம்பித்தன, மறுபடி அணைந்தன. தலைவர் மீசைக்குள் சிரித்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

அப்போதுதான் அந்த அம்மா பேசினார்.

"அய்யா, ஒங்க போர் செட்டு மோட்டாரு ஓடுற சத்தம் கேக்குதுங்க. அது ஓடுனா கரண்டு கொறஞ்சு எங்க தெருவுல லைட்டே மங்கிடும். கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்க."

அந்த மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் காலனியிலிருந்து கடைசியாகக் குரல் வந்தது போராட்டத்தின்போது. அது போலீஸ் வரை போனது. தலைவர் அந்த அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து செல்லை எடுத்து, மோட்டாரை அணைக்கச் சொன்னார்.

சத்தம் அடங்கியது. எட்டுத் திரைகளும் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "கோப்பு… சேமி…" என்று ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சளி பிடித்ததுபோல் மூக்கைச் சிந்திச் சமாளித்தேன்.

கிளம்பும்போது தலைவர், கம்ப்யூட்டர் வகுப்பு எந்தெந்த நாள், எந்தெந்த நேரம் என்று கேட்டார்.

"மொற வச்சுத்தான் வயலுக்குத் தண்ணி விடுறோம். அந்த மொறையில பள்ளிக்கூடத்தயும் சேத்துக்கறேன், அந்த நேரம் மோட்டாரு ஓடாது" என்றார்.

என்னிடம் அல்ல, அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னார்.