வளைவில் விட்டு வந்த கல்

எங்கள் கடைத்தெருவில் பஞ்சர் ஒட்டுகிற அண்ணனுக்கு ‘ஓரம்’ என்று பெயர் வைத்தது நான்தான். பக்கத்துக் கடையில் வெல்டிங் வேலை செய்கிறேன். வாய் கொஞ்சம் நீளம். யார் பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தாலும் அவர் முதலில் சொல்வது, “ஓரமா வாங்க, இன்னும் ஓரமா.” வழியில் நின்றுபோன வண்டிக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனாலும் அதே பாட்டுதான். சாலையை விட்டு இறக்கி, கெட்டியான தரையில் நிறுத்தி, வருகிற வண்டிகளைப் பார்த்தபடி உட்கார்ந்த பிறகுதான் டயரை நெம்பும் லிவரைக் கையில் எடுப்பார். சாலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சக்கரத்தை நோண்டுகிறவர்களைக் கண்டால் இறங்கிப் போய்த் திட்டுவார். காற்று இறங்கிய டயரிலேயே ஓட்டி வந்து டியூபைக் கந்தலாக்குகிற மேதாவிகளைத் திட்டுவது என் பங்கு.

இவ்வளவு பத்திரமான மனிதரும் ஒரு தவறு செய்தார்.

பால்காரரின் பைக் ஒரு மத்தியானம் வளைவில் நின்றுவிட்டது. பின்சக்கரத்தில் ஆணி. அங்கே ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மதில். இறக்கி நிறுத்த இடமில்லை. நிறைந்த கேன்களோடு தள்ளிக்கொண்டு போகவும் முடியாது. அதனால் அண்ணன் பள்ளத்திலிருந்து பெரிய கற்களாகப் பொறுக்கி, வருகிற வண்டிகள் விலகிப் போகட்டும் என்று வண்டிக்குப் பின்னால் சாலையிலேயே வைத்தார். டயரின் உள்பக்கத்தை மெல்லத் தடவிப் பார்த்து ஆணியைப் பிடுங்கி, ஒட்டுப் போட்டு, காற்றடித்துக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பால்காரர் அவசரமாக வண்டியைக் கிளப்பினார். அண்ணன் பையோடு பின்னால் ஏறிக்கொண்டார். கற்கள் அங்கேயே கிடந்தன.

அன்று சாயங்காலம், அக்காவைப் பார்க்க பைக்கில் வந்துகொண்டிருந்த அவர் மைத்துனன் அந்தக் கல்லில் ஏறி விழுந்தான். அண்ணியின் ஒரே தம்பி. தாய் தகப்பன் இல்லாதவன். ஏணி ஏறிச் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. வலது காலை முட்டிக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

செய்தி கேட்டு நானும் அண்ணனும் ஓடினோம். ஆஸ்பத்திரி வண்டி போன பிறகு அவர் மழையில் நின்று அந்தக் கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பள்ளத்தில் போட்டார். பொறுப்பான ஆள் என்று நினைத்தேன். அவை அவர் வைத்த கற்கள் என்பது அந்தக் கூட்டத்தில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

மைத்துனனைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்தார். குளிப்பாட்டுவதும் கைத்தாங்கலாக நடத்துவதும் அவரேதான். பிறகு அவன் கடையில் வந்து உட்கார ஆரம்பித்தான். ஒட்டுப் போட வேண்டிய இடத்தை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுப்பான். வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பேச்சு.

“கல்லை வச்சவன் ஒரு நாள் என் கையில சிக்குவான். அடிக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் கேப்பேன். அதை எடுத்துப் போட எவ்வளவு நேரம்டா ஆகும்?”

அப்போதெல்லாம் அண்ணன் நிறைந்த டயருக்கே மறுபடியும் காற்றடிப்பார். சொன்னால் மைத்துனனும் போவான், அண்ணியும் போவார். சொல்லாவிட்டால் சோறு தொண்டையில் இறங்காது. ஆள் பாதியாக இளைத்துவிட்டார். விஷயம் தெரியாத நான், “என்னண்ணே, ஓரமாப் போயிப் போயி காணாமலே போயிடுவீங்க போலிருக்கே?” என்று கிண்டல் வேறு செய்தேன். அவரும் சிரித்து வைத்தார்.

அன்று அந்த வளைவில் பால்காரரின் பைக் நின்றிருந்ததை யாரோ மைத்துனன் காதில் போட்டுவிட்டார்கள். அடுத்த முறை பால்காரர் காற்றடிக்க வந்து நின்றதுதான் தாமதம், அவன் ஊன்றுகட்டையோடு தாவிப் போய் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான்.

“நீதானே? அந்த வளைவுல உன் வண்டிதானே நின்னுச்சு?”

“வண்டி என்னோடதுதான் தம்பி. ஆனா கல்லு...” பால்காரர் அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

மைத்துனன் கட்டையை ஓங்கினான். நான் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவதற்குள் அண்ணன் நடுவில் வந்து நின்றார்.

“அவரை விடு மச்சான். கல்லை வச்சது நான். மழை வந்துச்சு, அப்படியே விட்டுட்டு வந்துட்டேன்.”

சட்டையிலிருந்து கை தளர்ந்தது. மைத்துனன் முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தான். ஊரெல்லாம் கேட்ட கேள்வியைக் குரலை உயர்த்தாமல் கேட்டான்.

“எடுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும் அத்தான்?”

“குனிஞ்சு நிமிர்ற நேரந்தான்.”

அண்ணன் அழவில்லை. அழுதிருந்தால் எனக்காவது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சாப்பாட்டுத் தூக்கோடு அண்ணி வந்து நின்றதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். தூக்கைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். மைத்துனன் கட்டையைக் கக்கத்தில் ஊன்றிக்கொண்டு அவரிடம் போனான்.

“இங்க வேணாம்க்கா. வா, வீட்டுக்குப் போயிடலாம்.”

அண்ணி புருஷனைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார்.

“எந்த வீட்டுக்குடா?” என்று கேட்டார்.