"என் தப்புதான்" என்று சொன்னவர்

அந்த லிஃப்ட் கம்பெனியில் எது பழுதானாலும், யாராவது ஒருவர் "என் தப்புதான்" என்று சொல்லும்வரை சூப்பர்வைசர் நகரமாட்டார். அதுவரை ஷிஃப்டே கைகட்டி நிற்கும். மூத்த மெக்கானிக் என்பதால் அதைச் சொல்லும் வேலையை இவர் ஏற்றுக்கொண்டார். சூப்பர்வைசர் ஒரு பாட்டம் திட்டுவார், டீ வரும், வேலை ஓடும். பன்னிரண்டு வருடத்தில் யார் யார் தப்போ இவர் தலையில் விழுந்து, 'பொறுப்பு' என்ற பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது. மனிதருக்கு அதில் கொஞ்சம் பெருமை வேறு!

ஒருநாள் பிரேக் பிடிக்காமல் லிஃப்ட் இறங்கியது. அடியில் குழிக்குள் வேலை செய்துகொண்டிருந்த இவர் மனைவியின் தம்பிக்கு ஒரு கால் போயிற்று. முந்தின நாள் பிரேக்கைப் பார்த்தது இவர்தான். ஒழுங்காகப் பார்க்கவில்லையோ என்று அவருக்கே சந்தேகம். வழக்கு வந்தபோது கம்பெனி வக்கீல் தோளில் கைபோட்டார்.

"ஒத்துக்குங்க. சின்ன அபராதம்தான். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போயிடும்."

ஒத்துக்கொண்டார். யாராவது வற்புறுத்தினார்களா என்று நீதிபதி கேட்டதற்கு, "யாரும் இல்லைங்க ஐயா" என்றார். தண்டனை பெற்றவருக்கு மெக்கானிக் லைசென்ஸ் கிடையாது என்பதை வக்கீல் வசதியாக மறந்துவிட்டார். மச்சான் அன்றோடு பேச்சை நிறுத்தினான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது மழை வந்த சந்தோஷம் இருந்தது.

மூன்று வருடம் கார் நிறுத்துமிடத்தில் காவல் காத்தார். அப்போதுதான் கம்பெனியை விட்டு விலகிய ஸ்டோர்கீப்பர் ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். விபத்துக்குப் பத்து நாள் முன்பு வேறொரு மெக்கானிக் எழுதியது: பிரேக்கின் உள் ஸ்பிரிங்கில் விரிசல், வெளியே தெரியாது, லிஃப்டை நிறுத்தவும். கீழே சூப்பர்வைசர் கையெழுத்து: அடுத்த மாதம் பார்க்கலாம். தப்பு தன்னுடையதல்ல என்று இவருக்கே அன்றுதான் தெரிந்தது. காவல்கார நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதார்.

சட்ட உதவி வக்கீலம்மா மனு போட்டார். "தீர்ப்பு ரத்தானா லைசென்ஸ் திரும்ப வரும்."

"லைசென்ஸ் கிடக்கட்டும்மா. என் மச்சானுக்குத் தெரிஞ்சா போதும்."

நீதிபதி பழைய பதிவைப் புரட்டினார். "அன்னிக்கு நீங்களாத்தானே ஒத்துக்கிட்டீங்க?"

"எங்க வேலையில அப்படிச் சொல்றது வழக்கம்ங்க ஐயா. சொன்னாத்தான் அடுத்த வேலை நடக்கும்."

"இது உங்க வேலை செய்யற இடம் இல்ல" என்றார் நீதிபதி. அந்தத் தாளை அன்றே தேடியிருக்கலாம், மனமுவந்து ஒத்துக்கொண்டதைத் திரும்பப் பெற முடியாது என்று மனுவைத் தள்ளிவிட்டார்.

கோர்ட்டிலிருந்து நேரே மச்சான் வீட்டுக்குப் போனார். நாலு மாடியும் படியேறித்தான். கதவைத் திறந்தவன் ஊன்றுகோலில் சாய்ந்தபடி தாளை முழுக்கப் படித்தான்.

"கோர்ட் என்ன சொல்லிச்சு மாமா?"

"தள்ளிட்டாங்க."

"கோர்ட்டே நம்பல. நான் நம்பணுமா?"

தாளைத் திருப்பி நீட்டிவிட்டு, வாசலை விட்டு நகராமல் நின்றான். ஒற்றைக் காலில் எவ்வளவு நேரம்தான் நிற்பான் என்று இவருக்குப் பொறுக்கவில்லை.

"சரிடா, உள்ள போய் உக்காரு" என்றார். "என் தப்புதான்."