உட்கார்ந்தால் எழுந்திருக்காதவள்

போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் பதினான்கு வருடமாகக் காய் பொறுக்குகிறேன். தரையில் சாக்கு விரித்து, முன்னால் காயைக் குவித்து, பெரிய காய், சின்னக் காய், வெடித்த காய் என்று கையால் பிரிக்க வேண்டும். எட்டு மணிக்கு உட்கார்ந்தால் ஒரு மணிக்குச் சோறு. பிறகு ஆறு மணி வரை அதே சாக்கு. ஜீப்பில் எஸ்டேட்டுக்குப் போகும் பெண்களுக்கு எங்கள் மேல் பொறாமை. எங்களுக்கு மழையும் இல்லை, அட்டைக்கடியும் இல்லை.

பொறுக்கிய எடைக்குத்தான் கூலி என்பதால் யாரும் சும்மா எழுந்திருப்பதில்லை. நான் அதற்கும் ஒரு படி மேல். கடைக்குப் பின்னால் இருக்கும் பாத்ரூமுக்குப் போகிற நேரத்தை மிச்சம் பிடிக்க, காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டேன். புதிதாக வருகிறவர்களிடம் முதலாளி என்னைத்தான் காட்டுவார், உட்கார்ந்தால் எழுந்திருக்காதவள் என்று. முட்டாள்தனம்தான். ஆனாலும் அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

குந்தித் தின்றால் குன்றும் கரையும் என்பார்கள். நான் குந்தி உழைத்தவள். எனக்கு இடது கால் வீங்கியது. கெண்டைக்கால் இறுகி, தொட்டால் சுட்டது. பக்கத்துச் சாக்கில் உட்காரும் அக்கா, நரம்பு சுருண்டிருக்கும் என்று நல்லெண்ணெய் காய்ச்சி மூன்று நாள் அழுத்தி நீவிவிட்டார். நான்காம் நாள் செருப்பு நுழையவில்லை. தேனிக்கு பஸ் ஏறினேன்.

டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, காலில் ரத்தம் உறைந்திருக்கிறது என்றார். நீவியதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்திருந்தால் உயிரே போயிருக்கும் என்றார். இத்தனை வருடம் அசையாமல் உட்கார்ந்ததும் தண்ணீர் குடிக்காததும்தான் இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்றார். மாத்திரை எழுதிக்கொடுத்து, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொன்னார்.

திரும்ப வேலைக்குப் போனபோது பெரிய பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனேன். கடிகாரம் பார்க்கத் தேவையில்லை, குடித்த தண்ணீரே எழுப்பிவிட்டது. பொறுக்கும் எடை குறைந்தது. குறையட்டும் என்று விட்டேன். அன்றைக்கு மூன்றாம் முறை எழுந்தபோது முதலாளி கேட்டார்.

“நீயே இப்பிடி எந்திரிச்சா மத்தவக என்ன செய்வாக?”

“அவகளும் எந்திரிப்பாக,” என்றேன்.

பாத்ரூமிலிருந்து திரும்பும்போது அக்கா எதிரே வந்துகொண்டிருந்தார். சாக்கில் வந்து உட்கார்ந்து பார்த்தால், என் பாட்டிலில் பாதித் தண்ணீர் இல்லை.